அலெக்கின் டிஃபென்ஸில் அடி வாங்குகிறீர்களா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் செஸ் ஆட வருவார்கள். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (குடும்ப வழிபாடு) என்றால்தான் கதவு முழுசாகத் திறக்கும். சாவி வைத்திருக்கும் ஆச்சி எங்களுக்குத் திண்ணையை மட்டும் விட்டுக் கொடுத்திருக்கிறார். நான் வாரத்தில் ஆறு நாள் காரைக்குடியில் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருப்பவன்; ஏழாவது நாள் இங்கே.

வெள்ளை 1.ஈ4 ஆடினால் கறுப்பு குதிரையை எஃப்6-க்கு எடுத்து ஆரம்பிக்கும் ஆட்டம்தான் அலெக்கின் டிஃபென்ஸ். நான் கறுப்பில் அதை ஆடுகிறவன் என்பதால் பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. மதுரை, திருச்சி, புதுக்கோட்டை என்று போட்டிக்குப் போய்விட்டு, தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டோடு (நகர்த்தல்களை எழுதிய தாள்) வருவார்கள். "அண்ணே, இந்த ஓபனிங்கே தப்பு" என்று ஆரம்பிப்பார்கள். ஓபனிங் தப்பில்லை. திரும்பத் திரும்ப ஏழெட்டு இடத்தில்தான் கோளாறு வருகிறது. உங்கள் ஆட்டம் எந்த வகை என்று கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

நகர்த்தல்களைத் தமிழிலேயே எழுதுகிறேன்: கட்டங்கள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச். எண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல்; காய் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் வந்தால் சிப்பாய்; ஆச்சரியக்குறி நல்ல நகர்த்தலுக்கு. பிஷப்பை நீங்கள் மந்திரி என்று சொல்பவரானால் அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஓபனிங் என்ன வியாபாரம் செய்கிறது

1.ஈ4 குதிரை எஃப்6. 2.ஈ5 குதிரை டி5. 3.டி4 டி6. 4.சி4 குதிரை பி6. இங்கே நிறுத்திப் பலகையைப் பாருங்கள். கறுப்பு ஆடிய நாலு நகர்த்தலில் மூன்று ஒரே குதிரைக்குப் போயிருக்கிறது. பழைய பாடப்படி இது பாவம். வெள்ளையோ நடுவில் மூன்று சிப்பாயை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள்: வெள்ளை இன்னும் ஒரு காயைக்கூட வெளியே எடுக்கவில்லை. நாலும் சிப்பாய் நகர்த்தல்தான்.

மையத்தைச் சிப்பாயால் பிடி, அதுதான் சட்டம் என்று செஸ் ஆசான் டாராஷ் காலத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1920-களில் ரெட்டி, நிம்சோவிச், பிரையர் போன்ற வீரர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். எதிராளியே மையத்தைப் பிடிக்கட்டும், நாம் தூரத்திலிருந்து அடிப்போம் என்றார்கள். ஹைப்பர்மாடர்ன் என்பது இதைத்தான். ரஷ்ய வீரர் அலெக்கின் 1921-ல் புடாபெஸ்டில் இந்தக் குதிரையாட்டத்தை ஆடிக் காட்டினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1924-ல் நியூயார்க்கில் ரெட்டி இதே தத்துவத்தை வெள்ளையில் வைத்து, எட்டு வருஷமாகத் தோற்காத உலகச் சாம்பியன் கப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். ரொம்பப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் நம்ம குகேஷ் 11-வது ஆட்டத்தை 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4 3.பி4 என்றுதான் ஆரம்பித்தார். எதிராளி டிங் லிரெனின் சிப்பாயை டி4 வரை வரவிட்டுவிட்டுப் பக்கவாட்டில் அடித்தார். 29 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

எங்கள் திண்ணைக் கல்லில் ஆடு புலி ஆட்டத்துக்கு யாரோ எப்போதோ கோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஆடு வைக்கிறவன் புலியோடு நேருக்கு நேர் மோத மாட்டான். புலி நடமாடட்டும் என்று விட்டு, போகிற வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பான். பிள்ளைகளுக்கு ஹைப்பர்மாடர்னை அந்தக் கோட்டைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மிச்சப் பாதிக்கு நம்ம ஊர்க் கணக்குப் பேரேடு வேண்டும். மையத்தை வெள்ளைக்குக் கொடுப்பது தானம் கிடையாது, கடன். கடன் கொடுத்தவன் தவணைக்குப் போய்க் கேட்காவிட்டால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு. அலெக்கினில் தோற்ற ஆட்டங்களில் முக்கால்வாசி, வசூலுக்குப் போகாத ஆட்டங்கள்.

அதனால் எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு சோதனை. ஸ்கோர் ஷீட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுங்கள். நாலாவதிலிருந்து பன்னிரண்டாவது நகர்த்தல் வரை, உங்கள் எந்த நகர்த்தல் ஈ5 சிப்பாயையோ டி4 சிப்பாயையோ நேரடியாகத் தாக்குகிறதோ, அல்லது அதைக் காக்கும் காயைக் கட்டிப் போடுகிறதோ, அதற்கு வட்டம் போடுங்கள். மூன்று வட்டம்கூடத் தேறவில்லை என்றால் கீழே எந்தப் பகுதியில் உங்கள் ஆட்டம் வந்தாலும் நோய் ஒன்றுதான்.

"மூணாவது நகர்த்தலுக்குள்ளயே குதிரை போச்சுண்ணே"

2.ஈ5 வந்ததும் குதிரையை ஈ4-க்குப் பாய்ச்சியிருப்பீர்கள். முன்னால் போவது வீரமாகத் தெரியும். 3.டி4 ஆடிவிட்டு வெள்ளை அடுத்து எஃப்3 என்று தள்ளினால் அந்தக் குதிரை போகும் கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: ஜி5-ல் சி1 பிஷப் பிடிக்கிறது, சி5-ல் டி4 சிப்பாய், டி6-லும் எஃப்6-லும் ஈ5 சிப்பாய், ஜி3-ல் ஹெச்2 சிப்பாய், சி3-ல் பி2 சிப்பாய், டி2-ல் சி1 பிஷப், எஃப்2-ல் ராஜாவே. எங்கேயும் இடமில்லை. 2.ஈ5 வந்ததும் எஃப்6-லிருந்து டி5-க்குத்தான் போக வேண்டும். ஜி8-க்கே திரும்பிப் போவதும் உண்டு. அதற்குப் புரூக்ளின் என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பையன் தானாகக் கண்டுபிடித்து ஆடுகிறான்.

"நாலு சிப்பாயும் வந்து நசுக்கிடுச்சு"

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். 4...குதிரை பி6-க்குப் பிறகு வெள்ளை 5.எஃப்4 தள்ளுகிறது. சி4, டி4, ஈ5, எஃப்4: பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் வரிசை. 5...டி சிப்பாய் ஈ5-ஐ வெட்டட்டும், 6.எஃப் சிப்பாய் ஈ5-ஐத் திரும்ப வெட்டும். இதுவரை எல்லாப் பிள்ளையும் சரியாக வந்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் ஷீட் என் கையில் இருக்கிறது. ஆறாவது நகர்த்தல் ஈ6. ஏழாவது பிஷப் ஈ7. எட்டாவது காஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் யானையைப் பக்கத்தில் நிறுத்துவது). ஒன்பதாவது ஹெச்6. சுத்தபத்தமாக வீடு பெருக்கிக் கோலம் போட்டாயிற்று. ஆனால் வட்டம் போட ஒன்றுகூட இல்லை. சி8 பிஷப்பைப் பாருங்கள், ஈ6 சிப்பாய் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிவிட்டது. இருபதாவது நகர்த்தல்வரை அது அங்கேயே இருந்தது. அந்தப் பிள்ளை "ராஜாவைத் தாக்கித் தோற்கடிச்சுட்டான்" என்றாள். தாக்குதல் வந்தது இருபதில்தான், தவறு நடந்தது ஆறில்.

சரியான வரிசை இது. 6...குதிரை சி6. உடனே டி4 மீது ராணியும் குதிரையும் பார்க்கின்றன. முதல் வட்டம். வெள்ளை 7.டி5 என்று தள்ளினால் குதிரை ஈ5 சிப்பாயைச் சாப்பிட்டுவிடும். 7.குதிரை எஃப்3 என்று காத்தால் பிஷப் ஜி4-க்கு வந்து அந்தக் குதிரையை நகரவிடாமல் ராணியோடு கட்டிப் போட்டுவிடும், டி4 மறுபடி ஆடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 7.பிஷப் ஈ3 என்று முதலில் முட்டுக் கொடுக்கிறார்கள். இப்போது 7...பிஷப் எஃப்5. பிஷப் வெளியே வந்த பிறகுதான் 8.குதிரை சி3 ஈ6. ஈ6 அதே ஈ6தான். ஒரு நகர்த்தல் முன்னால் ஆடினால் பிஷப்புக்குச் சிறை, பின்னால் ஆடினால் வீட்டுக்குத் தாழ்ப்பாள்.

9.குதிரை எஃப்3 வந்ததும் இரண்டு வழி. அடிதடி பிடித்தவர்கள் 9...குதிரை பி4 ஆடலாம். அடுத்து சி2-ல் செக் கொடுத்து யானையையும் பிடிக்கும் மிரட்டல் அது. எஃப்5 பிஷப் பின்னால் நின்று காப்பதால் ராணி வெட்டினாலும் நஷ்டம். வெள்ளை 10.யானை சி1 ஆடியாக வேண்டும். கறுப்பு சி5 என்று இடிக்கும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது நிதானமான 9...பிஷப் ஈ7. வெள்ளை சாதாரணமாக 10.பிஷப் ஈ2 ஆடினால் காஸ்லிங், அப்புறம் 11...எஃப்6. இதுதான் வசூல் நாள். ஈ5 சிப்பாய் எஃப்6-ல் வெட்டும், பிஷப் திரும்ப வெட்டும். இப்போது டி4 தனியாக நிற்கிறது. எஃப்6 பிஷப், சி6 குதிரை, ராணி மூன்றும் அதன் மேல். எஃப் வரிசையில் யானை. நாலு சிப்பாய் வைத்திருந்தவனிடம் இப்போது காக்க வேண்டிய சிப்பாய்தான் மிச்சம்.

எச்சரிக்கை ஒன்று. எதிராளி படித்தவனானால் 10.பிஷப் ஈ2 ஆட மாட்டான், 10.டி5 என்று உடைப்பான். 10...ஈ சிப்பாய் டி5-ஐ வெட்ட, 11.சி சிப்பாய் வெட்ட, 11...குதிரை பி4, 12.குதிரை டி4 பிஷப் டி7, 13.ஈ6 எஃப் சிப்பாய் வெட்ட, 14.டி சிப்பாய் ஈ6-ல் வெட்ட, பிஷப் சி6. இதுவரை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் திரி பற்றிக்கொள்ளும், யார் முதலில் கணக்குப் பிசகுகிறாரோ அவர் போனார். இது பிடிக்காவிட்டால் ஒன்பதாவதில் குதிரை பி4 வழிக்குப் போய்விடுங்கள்.

"ஈ6-ல சும்மா ஒரு சிப்பாயைக் கொடுத்தான், அப்புறம் மூச்சே விட முடியல"

இது ரொம்ப நாசூக்கான வியாதி. சிப்பாய் ஒன்று கூடுதலாக இருக்கும், ஆனாலும் தோற்றுக்கொண்டிருப்பீர்கள்.

3.டி4 டி6 4.குதிரை எஃப்3 வரும்போது 4...குதிரை சி6 ஆடியிருப்பீர்கள். மேலே நல்ல மருந்தாக இருந்த நகர்த்தல் இங்கே விஷம். 5.சி4 குதிரை பி6 6.ஈ6! பிஷப் வெட்டினால் 7.டி5 என்று ஒரே சிப்பாய் சி6 குதிரையையும் ஈ6 பிஷப்பையும் ஃபோர்க் செய்யும். ஒன்று போயே போச்சு. அதனால் எஃப் சிப்பாயால்தான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஈ6, ஈ7 என்று ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய். எஃப்8 பிஷப்புக்கு வழியில்லை, ராஜாவுக்குப் பக்கத்தில் எஃப் சிப்பாய் இல்லை. கறுப்பு ஜி6 ஆடி பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தால் வெள்ளை ஹெச்4, ஹெச்5 என்று யானை வரிசையைத் திறந்துகொண்டு வரும்.

சி6 குதிரை அங்கே நல்லது, இங்கே கெட்டது; ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வித்தியாசம் டி6 சிப்பாய். நாலு சிப்பாய் ஆட்டத்தில் அது ஏற்கெனவே வெட்டிக்கொண்டு போய்விட்டது, டி வரிசை உங்கள் ராணிக்குத் திறந்திருக்கிறது. அங்கே வெள்ளை 7.ஈ6 என்று கொடுத்தால் தயங்காமல் பிஷப்பால் வெட்டுங்கள். 8.டி5-க்குப் பதில் குதிரை டி5-ஐ வெட்டும், சி சிப்பாய் வெட்டும், ராணி வெட்டும்: ஒரு குதிரைக்கு மூன்று சிப்பாய், வெள்ளையின் மையம் முழுக்கக் காலி. எனக்கு அந்த நிலையில் கறுப்பாக உட்காரப் பிடிக்கும். இங்கேயோ சொந்த டி6 சிப்பாயே ராணியின் கண்ணை மறைக்கிறது.

முன்னெச்சரிக்கை: 4.குதிரை எஃப்3 பார்த்தால் குதிரை சி6 வேண்டாம், பிஷப் ஜி4. அதைக் கீழே சொல்கிறேன். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? கூடுதல் சிப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 7.குதிரை சி3 ஈ5! 8.டி5 குதிரை டி4. 9.குதிரை வெட்ட, ஈ சிப்பாய் வெட்ட, 10.ராணி டி4-ஐ வெட்ட, 10...ஈ5. சிப்பாய்க் கணக்கு சமம், எஃப்8 பிஷப்புக்குக் கதவு திறந்தாயிற்று, வெள்ளை ராணி மறுபடி நகர வேண்டும், இல்லாவிட்டால் டி5 சிப்பாய் ஈ6-க்குப் போய் அந்த ஈ5 சிப்பாயை வழியில் வெட்ட (ஆன் பாசான்) வேண்டும், பிஷப் ஈ6-ல் திரும்ப வெட்டும். பையன்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சாப்பிட்ட சிப்பாயைத் துப்ப மனசு வராது. இதில் ஆச்சியின் பேரன் மட்டும் விதிவிலக்கு, உடனே கொடுத்துவிடுவான். வீட்டுப் பழக்கமோ என்னவோ.

"சி5, சி5-னு குதிரையைத் துரத்திக்கிட்டே இருக்கான்"

2.ஈ5 குதிரை டி5 3.சி4 குதிரை பி6 4.சி5. குதிரை மறுபடி டி5-க்கு வருகிறது. பிள்ளைகள் இதில் கோபப்பட்டுவிடுகிறார்கள், கேலி செய்கிறான் என்று. நான் சந்தோஷப்படச் சொல்கிறேன். சி சிப்பாய் கடந்து போய்விட்டது. இனி டி5-லிருந்து உங்கள் குதிரையை விரட்ட ஈ சிப்பாயும் இல்லை, சி சிப்பாயும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு அவரே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்.

5.பிஷப் சி4 ஈ6. அவர் டி4 ஆடினால் டி6 இடியுங்கள், சி சிப்பாய்கள் மாறிக்கொள்ளும், சிசிலியன் என்ற ஓபனிங்கில் 2.சி3 ஆட்டம் தெரிந்தவர்களுக்குப் பழகின முகம் தெரியும். கவனிக்க வேண்டிய வலை ஒன்று: 6.குதிரை சி3 குதிரை வெட்ட, 7.டி சிப்பாய் வெட்ட, குதிரை சி6, 8.பிஷப் எஃப்4 பிஷப் சி5-ஐச் சாப்பிடும். 9.ராணி ஜி4 என்று ஜி7-ஐப் பார்த்து வருவார். பயந்து ராஜாவை எஃப்8-க்கு நகர்த்திய ஷீட் இரண்டு பார்த்தாயிற்று. 9...ஜி5! என்று பிஷப்பைத் தள்ளுங்கள். 10.பிஷப் ஜி5-ஐ வெட்டும், உங்கள் ராணியையும் பார்க்கும், கவலைப்படாமல் 10...யானை ஜி8. அவர் 11-ல் ராணியை வெட்டினால் யானை அவர் ராணியை வெட்டிவிட்டு சி4 பிஷப்பையும் பார்க்கும். கணக்குக் கூட்டிப் பாருங்கள், லாபம் உங்களுக்கு.

"அவன் ஒண்ணுமே பண்ணல, ஆனா எனக்கு எப்பவும் இடம் கம்மி"

4.குதிரை எஃப்3. வெள்ளை பேராசைப்படாமல் ஆடும் வழி. உயர்ந்த மட்டத்தில் இதுதான் அதிகம் வரும், எனக்குப் பயமும் இதில்தான். 4...பிஷப் ஜி4 5.பிஷப் ஈ2 ஈ6 6.காஸ்லிங் பிஷப் ஈ7 7.சி4 குதிரை பி6 8.குதிரை சி3 காஸ்லிங் 9.பிஷப் ஈ3. இந்த இடத்தில் பலரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். 9...டி5! வெள்ளை 10.சி5 என்று துரத்தும். நீங்கள் 10...பிஷப் எஃப்3-ஐ வெட்டுங்கள். 11.பிஷப் திரும்ப வெட்டினால் குதிரை சி4-ல் வந்து உட்காரும், பி2-வையும் ஈ3 பிஷப்பையும் ஒரே சமயத்தில் தொடும். அதற்காகத்தான் வெள்ளை 11.ஜி சிப்பாயால் வெட்டுகிறது. உங்கள் குதிரை சி8-க்குப் போகும், அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அவர் ராஜா வீட்டுச் சுவர் இடிந்திருக்கிறது.

5.ஹெச்3 என்று உடனே கேட்டால் எஃப்3-ல் வெட்டிவிடுங்கள், ஹெச்5-க்கு ஓட வேண்டாம்.

இதே வழியில் ஒரு பேராசைக் கோளாறும் வரும். 5.சி4 குதிரை பி6 6.பிஷப் ஈ2 டி சிப்பாய் ஈ5-ஐ வெட்ட, 7.குதிரை ஈ5-ஐ வெட்ட, பிஷப்புகள் ஈ2-ல் மாறிக்கொள்ள, 8...ராணி டி4 சிப்பாயை விழுங்கும். வெள்ளை 9.காஸ்லிங். சிப்பாய் உங்களுடையது, உங்கள் ராஜாவோ நடுவீட்டில். ஆடத் தெரிந்தவர்கள் ஆடலாம், பன்னிரண்டு வயசுக்காரர்கள் வேண்டாம்.

"மாட்டவே மாட்டேங்கிறான்"

2.குதிரை சி3. ஈ5 தள்ளாமல் காக்கிறார். கடன் வாங்க வராதவனிடம் வட்டி கேட்க முடியாது. 2...ஈ5 ஆடினால் வியன்னா என்ற ஓபனிங்காகிவிடும், கௌரவமான வழி. 2...டி5 ஆடுபவர்கள் 3.ஈ5 குதிரை டி7-க்குப் பிறகு 4.ஈ6 என்று அதே பழைய பூட்டு வரும் என்பதை மறக்க வேண்டாம், 3...டி4 என்று இடித்து 4.ஈ சிப்பாய் எஃப்6-ஐ வெட்ட, டி சிப்பாய் சி3-ஐ வெட்ட, 5.எஃப் சிப்பாய் ஜி7-ஐ வெட்ட, முதலில் டி2-ல் செக், அப்புறம் ஜி7 சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2.டி3 ஆடுபவர்களுக்கும் ஈ5தான்.

"பி6 குதிரை செத்துக் கிடக்கு"

சாகவில்லை, தூங்குகிறது. அதற்கு வேலை சி4, டி5, ஏ4 ஆகிய மூன்று கட்டங்களில். வெள்ளை ஏ4, ஏ5 என்று துரத்த நினைத்தால், ஏ4 வந்ததும் நீங்கள் ஏ5 என்று அடைத்துவிடுங்கள். 1972 ரெய்க்யாவிக் உலகச் சாம்பியன் போட்டி, 13-வது ஆட்டம்: ஸ்பாஸ்கிக்கு எதிராக ஃபிஷர் இந்த டிஃபென்ஸை ஆடினார். குதிரை பி6-ல், ஏ5 சிப்பாய், எதிரே ஸ்பாஸ்கியின் ஏ4 சிப்பாய். இன்னொரு குதிரையை ஏ6, சி5 என்று சுற்றிக் கொண்டுவந்தார். 13-வது நகர்த்தலில் பி6 குதிரை ஏ4 சிப்பாயைச் சாப்பிட்டது. ஆட்டம் 74 நகர்த்தல் போய் ஃபிஷர் ஜெயித்தார். குதிரை செத்துவிட்டது என்று புலம்பும் பிள்ளைக்கு அந்த முதல் பதின்மூன்று நகர்த்தலை வைத்துக் காட்டுவேன், வாய் மூடிவிடும்.

"எல்லாம் படிச்சுட்டுத்தான் போனேன், மறந்துபோச்சு"

ஆனந்துக்கே ஆயிருக்கிறது. 2010-ல் சோஃபியாவில் டோபலோவுடன் உலகச் சாம்பியன் போட்டி, முதல் ஆட்டம். கறுப்பில் க்ரூன்ஃபெல்ட் என்ற ஓபனிங்கை ஆடினார், அதுவும் அலெக்கினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான், மையத்தைக் கொடுத்துவிட்டு அடிக்கிற ஜாதி. தயாரித்து வந்ததில் வரிசை பிசகி 23-வதில் ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார். டோபலோவ் குதிரையை எஃப்6-ல் கொடுத்து உடைத்தார், ஆட்டம் போச்சு. போட்டியைக் கடைசியில் ஆனந்த்தான் ஜெயித்தார் என்பது வேறு.

மறதிக்கு என்னிடம் மருந்து குறைவு. ஆனால் நகர்த்தலோடு காரணத்தையும் சேர்த்துப் படித்த பிள்ளைகள் மறந்தாலும் மோசமாக விழுவதில்லை. "ஏழாவது பிஷப் எஃப்5" என்று படித்தவனுக்கு மறந்தால் கையில் ஒன்றுமில்லை. "ஈ6-க்கு முன்னாடி பிஷப் வெளியே" என்று படித்தவன், வரிசை மாறினாலும் சமாளித்துக்கொள்வான்.

"வெட்டி மாத்திட்டு அமைதியா உட்கார்ந்துட்டான்"

5.ஈ சிப்பாய் டி6-ஐ வெட்டுகிறார். கடனை அசலோடு முன்கூட்டியே அடைத்துவிடுகிறவர்கள் இவர்கள். எந்தச் சிப்பாயால் திரும்ப வெட்டுவது?

சி சிப்பாயால் வெட்டுவதுதான் ஆட்டத்தில் உயிர் வைக்கும். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங், அப்புறம் ஈ5 இடி. அடுத்த மாசமே ஒரு பையன் வந்து, எதிராளி ஆடியதை எழுதிக் காட்டினான்: 6.குதிரை சி3 ஜி6 7.பிஷப் ஈ3 பிஷப் ஜி7 8.யானை சி1 காஸ்லிங் 9.பி3. வோரோனெஷ் என்று ரஷ்ய நகரத்துப் பெயர். எஃப்1 பிஷப், ஜி1 குதிரை இரண்டும் இன்னும் வீட்டில். பார்க்க அரைகுறையாக இருக்கும், ஆனால் என் ஜி7 பிஷப் பார்க்கும் நீண்ட மூலைவிட்டத்தில் காவலில்லாமல் அடிக்க ஒரு காயும் மிச்சமில்லை. சி4-க்கும் முட்டுக் கொடுத்தாயிற்று. பி6 குதிரைக்கு வேலையே இல்லை. 9...ஈ5 ஆடினால் சிப்பாய்களும் ராணிகளும் மாறி, 12.சி5 என்று குதிரையைத் துரத்தி, பிஷப் சி4-க்கு வந்து எஃப்7-ஐப் பார்க்கும். ராணி இல்லாத ஆட்டத்திலும் மூச்சு முட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நிலையை நான் கடையிலும் வைத்துப் பார்த்துவிட்டேன், திண்ணையிலும் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டர் எஞ்சின் "கறுப்புக்குச் சரிதான்" என்கிறது. என் கை சரி என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் 5...ஈ சிப்பாயால் வெட்டிவிடுகிறேன். பிஷப் ஈ7, காஸ்லிங், குதிரை சி6, பிஷப் எஃப்6 என்று டி4-ஐப் பார்த்துக்கொண்டு உட்காரும் ஆட்டம். சுவாரசியம் கொஞ்சம் குறைவு, தூக்கம் நன்றாக வரும்.

போன வாரம் அந்தப் பையன் என் ஷீட்டை வாங்கிப் பார்த்தான். "அண்ணே, எங்களுக்கு சி சிப்பாய்னு சொல்லிட்டு நீங்க மட்டும் ஈ சிப்பாயால வெட்டுறீங்க" என்றான். நான் காய்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.